வேட்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி: வட சிலாங்கூரில் சமயம், அறிவியல், தலைமைத் தகுதி

2016 ஜூன் 18-ஆம் தேதி சுங்கை பெசார் நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. தொகுதியின் உறுப்பினர் நோரியா கஸ்னோன் மே மாதத் தொடக்கத்தில் சரவாக்கில் நேர்ந்த ஹெலிகாப்டர் விபத்தில் இறந்ததால் வந்த தேர்தல் அது. அம்னோவின் புடிமான் முகமட் சோஹ்டி, அமானா கட்சியின் அஸ்ஹார் அப்துல் ஷுக்கூர், இஸ்லாமியக் கட்சியான பாஸின் டாக்டர் அப்துல் ராணி ஒஸ்மான் என மூவர் களத்தில் நின்றனர். புடிமான் 16,800 வாக்குகள் பெற்று 9,191 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அமானாவுக்கு 7,609, பாஸுக்கு 6,902.

இந்த எண்களுக்குப் பின்னால் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாக்களிப்புக்கு மூன்று வாரம் முன்பு, மே 26-ஆம் தேதி, பாஸ் தலைவர் அப்துல் ஹாடி அவாங் நாடாளுமன்றத்தில் சட்டம் 355-ஐத் திருத்தும் தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். ஷரியா நீதிமன்றங்கள் விதிக்கக்கூடிய தண்டனைக்கு அச்சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது: மூன்றாண்டுச் சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், ஆறு பிரம்படி. அந்த வரம்பை உயர்த்துவதே மசோதாவின் நோக்கம். ம.சீ.ச., ம.இ.கா., கெராக்கான் மூன்றும் ஆளுங்கூட்டணிக்குள் இருந்துகொண்டே எதிர்த்தன. நெல் வயலும் செம்பனையும் மீன்பிடித் துறையும் சூழ்ந்த ஒரு தொகுதியின் இடைத்தேர்தலில், யார் சமயத்துக்கு உண்மையானவர் என்பது பெரிய கேள்வியாக எழுந்து நின்றது.

அதே ஜூன் மாதத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. மலாக்காவிலும் கெடாவிலும் தொண்டை அடைப்பான் நோயால் குழந்தைகள் இறந்தார்கள். தடுப்பூசியால் பல்லாண்டுகளாகக் கட்டுக்குள் இருந்த நோய் அது. அரசாங்கக் கிளினிக்குகளில் பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்று மறுத்த பெற்றோர் 2013-இல் 637 பேர். 2016-இல் அது 1,603 ஆக உயர்ந்தது. மறுத்தவர்களில் ஒரு பகுதியினர் ஊசி மருந்தில் ஹலால் அல்லாத பொருள் கலந்திருக்கிறது என்று நம்பினர். இன்னொரு பகுதியினருக்குச் சமயம் காரணமில்லை. இயற்கை வைத்தியம் போதும் என்ற எண்ணமும், கைப்பேசியில் சுற்றிவந்த வதந்தியும் அவர்களைத் தடுத்தன.

அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் ஒரு தமிழர், ம.இ.கா. தலைவர் டாக்டர் எஸ். சுப்பிரமணியம். தோல்நோய் நிபுணர். கட்சித் தலைவராக ஒரு கையில் சட்டம் 355-ஐ எதிர்க்கும் பொறுப்பு. அமைச்சராக மறுகையில் முஸ்லிம் பெற்றோரிடமும் முஸ்லிம் அல்லாத பெற்றோரிடமும் ஒரே மருத்துவ உண்மையைச் சொல்லும் பொறுப்பு. அந்த இரண்டு பொறுப்பும் ஒருவரிடமே வந்து சேர்ந்த அந்த மாதம், நம் நாட்டு அரசியல் தெளிவாகக் கேட்டுக்கொள்ளாத ஒரு கேள்வியை முன்வைத்தது. ஒருவரின் இறைநம்பிக்கையும் அறிவியல் அறிவும் அவரது ஆளும் தகுதியோடு எந்த வகையில் தொடர்புடையவை?

சுங்கை பெசாரிலிருந்து தெற்கே கோல சிலாங்கூர் வரையும், கிழக்கே பெஸ்தாரி ஜெயா தாண்டி ஹுலு சிலாங்கூர் வரையும் உள்ள வட்டாரம் இந்தக் கேள்விக்குக் கடந்த இருபது ஆண்டுகளாக விடை எழுதிவருகிறது. அந்த விடையைக் கவனமாகப் படித்தால் ஒன்று துலங்குகிறது. நம்பிக்கை ஒருவரின் தகுதியைக் கெடுப்பதில்லை. பட்டம் தகுதியைத் தந்துவிடுவதும் இல்லை. பொதுமக்கள் அனைவரையும் பாதிக்கும் முடிவை எடுக்கையில் அவர் எத்தகைய காரணத்தைச் சொல்கிறார், சான்று எதிராக வந்தால் முடிவை மாற்றுகிறாரா என்பதில்தான் தகுதி இருக்கிறது.

பக்தி என்னும் தேர்வு

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பு, நாடாளுமன்ற உறுப்பினருக்கோ பிரதமருக்கோ சமய நிபந்தனை எதையும் விதிக்கவில்லை. பிரதமர் மக்களவைப் பெரும்பான்மையின் நம்பிக்கையைப் பெற்றவராக இருக்க வேண்டும் என்பதே விதி. மாநில அளவில் நிலைமை வேறு. சிலாங்கூர் அரசியலமைப்பின்படி மந்திரி பெசார் மலாய்க்காரராகவும் முஸ்லிமாகவும் இருக்க வேண்டும். அந்த நிபந்தனையைத் தளர்த்தும் அதிகாரம் சுல்தானுக்கு உண்டு. ஆக, சட்டம் கேட்பது சில பதவிகளுக்கான சமய அடையாளத்தை மட்டுமே. அந்தச் சமயத்தை ஒருவர் எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார் என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. அதைக் கேட்பது தேர்தல் களம்.

2010 ஏப்ரல் 25-இல் நடந்த ஹுலு சிலாங்கூர் இடைத்தேர்தலில் அது வெளிப்படையாகவே கேட்கப்பட்டது. ம.இ.கா.வின் பி. கமலநாதனும் பி.கே.ஆர். கட்சியின் ஸைட் இப்ராஹிமும் மோதினர். ஸைட் முன்னாள் சட்ட அமைச்சர், நாட்டின் மிகப் பெரிய சட்ட நிறுவனங்களில் ஒன்றைக் கட்டியெழுப்பியவர். பிரச்சாரத்தில் அவரது சட்டப் பார்வையைவிட, அவர் முன்பு மது அருந்தினார் என்பதே அதிகம் பேசப்பட்டது. தாம் அருந்தியதுண்டு என்று அவரும் ஒப்புக்கொண்டார். கமலநாதன் 1,725 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

இந்தத் தேர்தலில் ஒரு முரண் இருக்கிறது. ஒரு முஸ்லிம் வேட்பாளர் போதிய முஸ்லிமாக இல்லை என்ற வாதம், ஓர் இந்து வேட்பாளரின் வெற்றிக்குத் துணையாகப் பயன்பட்டது. அந்த வாதத்தால் நாடாளுமன்றத்துக்குச் சமயப் பற்று எதுவும் கூடிவிடவில்லை. ஆனால் தோட்டப்புற வீட்டுடைமை, வேலையிழந்த குடும்பங்களின் மறுகுடியேற்றம் போன்றவற்றைப் பேசியிருக்க வேண்டிய நேரம் குறைந்தது. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருந்த வட்டாரம் இது. பக்தியைத் தேர்வாக வைக்கும் தேர்தலில் இப்படிப்பட்ட மக்களே முதலில் தோற்கிறார்கள்.

ஒரு கட்சிக்குள் நடந்த வழக்கு

ஆளத் தகுதியானவர் சமய அறிஞரா, துறை வல்லுநரா? மலேசியாவில் இக்கேள்வி மிகக் கூர்மையாக விவாதிக்கப்பட்ட இடம் பாஸ் கட்சிதான். ஈரானியப் புரட்சியின் அலை ஓய்வதற்குள், 1982-இல் அக்கட்சி உலாமாக்களின் தலைமை என்ற கோட்பாட்டை ஏற்றது. இறைச்சட்டத்தைக் கற்றவரே வழிநடத்த வேண்டும். மருத்துவரும் பொறியாளரும் வழக்கறிஞரும் அவர்களுக்குத் துணை நிற்கலாம். அதன்பின் சேர்ந்த ஒரு தலைமுறைப் படிப்பாளிகள் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே உழைத்தார்கள்.

அவர்களில் ஒருவர் டாக்டர் ஸுல்கிஃப்லி அஹ்மாட். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர், பாஸ் கட்சியின் ஆய்வு மையத்தை நடத்தியவர். 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் கோல சிலாங்கூரில் பாஸ் வேட்பாளராக நின்று வென்றார். அதற்கு நான்கு மாதம் முன்புதான், 2007 நவம்பர் 25-இல், இந்தியர் உரிமை கோரிய ஹிண்ட்ராஃப் பேரணி கோலாலம்பூரை உலுக்கியிருந்தது. அந்தப் பேரணியின் சூடு தணியாத நேரத்தில், மாரியம்மன் கோயிலும் பால்மரக் காடும் நினைவில் கலந்த மக்கள் வாழும் தொகுதியில், ஓர் இஸ்லாமியக் கட்சிக்காரர் வென்றார். அதே தேர்தலில் பாஸ் கட்சி ஜொகூரின் திராம் தொகுதிக்கு என். குமுதா என்ற இந்துப் பெண்ணை நிறுத்தியிருந்தது, அவர் பி.கே.ஆர். சின்னத்தில் போட்டியிட்டார்.

அன்று பாஸுக்கு வாக்களித்த இந்து வாக்காளர் அக்கட்சியின் இறையியலை ஏற்றுக்கொண்டாரா? இல்லை. அதை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை என்பதே சரி. இவர் எங்கள் பேச்சைக் கேட்பாரா, சொன்னதைச் செய்வாரா, செய்யாவிட்டால் அடுத்த முறை இறக்கிவிட முடியுமா என்று பார்த்தார். 2013-இல் தொகுதி கைமாறியது. 2018-இல் மீண்டும் ஸுல்கிஃப்லியிடம் வந்தது. 2022-இல் நிதியமைச்சராக இருந்த தெங்கு ஸஃப்ருலும் போட்டியிட்ட பலமுனைப் போட்டியில் 1,002 வாக்கு வித்தியாசத்தில் அவர் தப்பினார். மக்கள் தங்கள் தேர்வுத்தாளைத் தாங்களே திருத்துகிறார்கள் என்பதற்கு இது சான்று.

இதற்கிடையில் கட்சிக்குள் வழக்கு முற்றியிருந்தது. 2015 ஜூன் மாநாட்டில் வல்லுநர் அணி தலைமைப் பொறுப்புகளை அடியோடு இழந்தது. தோற்றவர்கள் வெளியேறி, 2015 செப்டம்பர் 16-இல் முகமட் சாபு தலைமையில் அமானாவைத் தொடங்கினர். ஸுல்கிஃப்லியும் அவர்களில் ஒருவர். சுங்கை பெசாரில் 2016-இல் பாஸும் அமானாவும் எதிரெதிரே நின்றது இந்தப் பிளவின் முதல் தேர்தல் சோதனைகளில் ஒன்று. இரு தரப்பினரும் தொழுபவர்கள், நோன்பிருப்பவர்கள். நம்பிக்கை இருதரப்பிலும் சமம் என்பதால், அவர்களைப் பிரித்தது வேறு ஏதோ ஒன்று. அது, பொதுமுடிவின் இறுதிச் சொல் யாருடையது என்பது. ஒரு பக்கம், மூலநூலைக் கற்ற அறிஞர் குழுவின் சொல். மறுபக்கம், சமய உந்துதலை ஏற்றுக்கொண்டே, முடிவைப் பொது வாதத்துக்கு உட்படுத்தும் முறை. இரண்டாவதன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் நிலை. வேற்றுச் சமயத்தாரால் படித்துப் பார்க்க முடியாத காரணத்தை, வேற்றுச் சமயத்தார் மீதும் செல்லும் அதிகாரத்துக்கு அடிப்படையாக்கக் கூடாது.

தோட்டத்தின் பட்டறிவு

பல சமயத்தார் வாழும் இந்நாட்டில் தமிழரின் தோட்ட வரலாறு இதைப் பற்றி ஏற்கெனவே கொஞ்சம் கற்றிருக்கிறது. பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கோனியே. அவருக்கு முன்பே ரப்பர்த் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள் நம் முன்னோர். அம்மை குத்தப்பட்டு, கரையிறங்கும்போது தொற்றொதுக்க முகாமில் வைக்கப்பட்டு, தோட்டத்துக்கு வந்ததும் மாரியம்மனுக்கு ஒரு கல் நட்டுக் கும்பிட்டார்கள். அம்மை குத்திக்கொண்ட கையும் அம்மனைக் கும்பிட்ட கையும் ஒன்றே. அந்தத் தலைமுறைக்கு அதில் முரண் தெரியவில்லை.

ஆனால் அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது மலேரியா. 1901-இல் கிள்ளான் வட்டார அறுவை மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், கொசு எங்கே பிறக்கிறது என்று தேடி, கிள்ளான் நகரிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பை வடித்தார். காய்ச்சல் வேகமாகக் குறைந்தது. பின்னர் மலைப்பாங்கான தோட்டங்களில் அதே முறை பலிக்கவில்லை. சமவெளிக் கொசு நிழலையும் சதுப்பையும் நாடியது. மலையடிவாரக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையை நாடியது. காட்டை வெட்டி வெளிச்சம் விட்டால் இரண்டாவது வகை பெருகியது. ஆகவே முறை மாற்றப்பட்டது. நிலத்தடிக் குழாய்களும் எண்ணெய் தெளிப்பும் வந்தன. முதல் வெற்றியைக் கோட்பாடாக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் மலைத்தோட்டத் தொழிலாளர் மேலும் பல ஆயிரம் பேர் செத்திருப்பார்கள். எது அறிவியல் என்பதற்கு நம் மண்ணிலேயே இருக்கும் விளக்கம் இது. விடையைக் காட்டிலும் விடையைத் திருத்தும் வழக்கமே அறிவியல்.

1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயா வந்தார். அவரது வருகையைத் தொடர்ந்து தமிழர் சீர்திருத்தச் சங்கங்கள் எழுந்தன, 1935-இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். கள்ளுக்கும் சாதிக்கும் உடலை வருத்தும் நேர்த்திக்கடனுக்கும் எதிராக அவர்கள் பேசியது தோட்டத்து மக்களுக்குத் தன்மானத்தைத் தந்தது. அவர்களது வாதம் வலுவானது, அதை எளிதில் தள்ளிவிட முடியாது: சான்றில்லாமல் ஒன்றை நம்பப் பழகியவன், அதிகாரம் கிடைத்தால் எல்லாவற்றையும் சான்றில்லாமல் முடிவு செய்வான். வாதத்தின் முதல் பாதியை அஞ்ச வேண்டிய எச்சரிக்கையாக ஏற்கலாம். இரண்டாம் பாதியை வரலாறு முழுமையாக ஆதரிக்கவில்லை.

இஸ்ரோவின் பொறியாளர்களைப் பாருங்கள். 2019-இல் சந்திரயான்-2 ஏவப்படுவதற்கு முன் தலைவர் கே. சிவன் திருமலைக்குச் சென்று வழிபட்டார். தரையிறங்கும்போது கலம் நொறுங்கியது. 2023 ஜூலையில் சந்திரயான்-3 ஏவப்படுவதற்கு முன்பும் விஞ்ஞானிகள் சிறு மாதிரியோடு திருமலைக்குச் சென்றனர். விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்தக் கலம் ஆகஸ்ட் 23-இல் நிலவில் பத்திரமாக இறங்கியது. வழிபாடு இரண்டு முறையும் நடந்தது. நடுவே நான்காண்டுகளில் மாறியது தோல்வியின் ஆய்வு: கால்கள் வலுவாக்கப்பட்டன, மென்பொருள் திருத்தப்பட்டது, இறங்கும் பரப்பு விரிவாக்கப்பட்டது. அவர்கள் இறைவனை வேண்டினார்கள். கணக்கை மட்டும் கணக்காலேயே திருத்தினார்கள். பெரியாரின் எச்சரிக்கை பலிக்காமல் போனது இந்த எல்லைக்கோட்டால்தான். கோடு அழிந்தால் எச்சரிக்கை உடனே பலிக்கும்.

பட்டம் காப்பாற்றாத இடங்கள்

அப்படியானால் அறிவியல் கற்றவரையே தலைவராக்கிவிடலாமா? 2020-இன் முதல் மாதங்கள் இதற்கு மறுமொழி சொல்கின்றன. ஜனவரி 25-இல் மலேசியாவின் முதல் கோவிட்-19 தொற்று உறுதியானபோது சுகாதார அமைச்சர் ஸுல்கிஃப்லி. பிப்ரவரி 24-இல் பிரதமர் மகாதீர் பதவி விலக, அமைச்சரவை கலைந்தது. மார்ச் 10-இல் புதிய அமைச்சரவை பதவியேற்கும் வரை நாட்டுக்குச் சுகாதார அமைச்சரே இல்லை. அந்த இடைவெளிக்குள்தான், பிப்ரவரி 27 முதல் மார்ச் 1 வரை, ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் சுமார் 16,000 பேர் கூடிய தப்லீக் மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்த தொற்றுத் தொகுதியில் 3,375 பேர் பாதிக்கப்பட்டனர்.

சமயக் கூட்டத்தின் மீது பழி விழுந்தது. கூட்டத்தை நிறுத்தச் சொல்லும் பொறுப்பில் எவரும் இல்லாமல் போன அரசியல் சூதாட்டம் பழியிலிருந்து தப்பியது. அதே ஆண்டு செப்டம்பரில் சபா மாநிலத் தேர்தல் நடந்தது. பிரச்சாரத்துக்குப் போய்வந்தவர்களோடு தொற்று தீபகற்பம் முழுக்கப் பரவியது. தேர்தலும் ஒரு காரணம் என்பதைப் பிரதமர் முகைதீனே ஒப்புக்கொண்டார். அந்தக் கூட்டங்களில் தொழுகை இல்லை, வாக்கு வேட்டைதான் இருந்தது. கிருமிக்கு இரண்டும் ஒன்றே.

புதிய சுகாதார அமைச்சர் டாக்டர் ஆடாம் பாபா ஒரு மருத்துவர். மார்ச் மாதம் தொலைக்காட்சியில் பேசும்போது, வெதுவெதுப்பான நீரைக் குடித்தால் தொண்டையிலுள்ள கிருமி வயிற்றுக்குள் இறங்கி அமிலத்தில் அழிந்துவிடும் என்றார். மருத்துவ உலகம் அதை மறுத்தது. அவரை அப்படிச் சொல்லவைத்தது எந்த மறைநூலும் அன்று. 2023-இல் இன்னொரு மருத்துவர், அமைச்சர் டாக்டர் ஸலிஹா முஸ்தபா, மின்சிகரெட்டுக்கான நிக்கோட்டின் திரவத்தை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கினார். நச்சுப்பொருள் வாரியம் உடன்படாத நிலையில், அந்தத் திரவத்துக்கு வரி விதிக்க வழிசெய்யும் பொருட்டு எடுக்கப்பட்ட முடிவு அது. சில காலத்துக்குச் சிறுவர்களுக்கும் அதை விற்கத் தடையில்லாத நிலை உருவானது. இங்கே அறிவியலைத் தோற்கடித்தது கருவூலம்.

நாட்டுக்கு வெளியேயும் இதே பாடம்தான். சோவியத் ஒன்றியத்தில் கடவுள் மறுப்பே அரசுக் கொள்கை. அங்கேதான் மரபியலாளர் வாவிலோவ் சிறையில் 1943-இல் இறந்தார், லைசென்கோவின் போலி வேளாண்மை அரியணை ஏறியது. தென்னாப்பிரிக்காவின் தாபோ உம்பெக்கி பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்றவர். எய்ட்ஸ் நோய்க்கு எச்.ஐ.வி.தான் காரணம் என்பதை ஐயுற்று மருந்து விநியோகத்தைத் தாமதப்படுத்தினார். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அந்தத் தாமதத்தின் விலை 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள். காலனிய மேலாதிக்கத்தின் மீது அவருக்கிருந்த நியாயமான கோபம், சான்றைப் பார்க்கவிடாத திரையாக மாறியது. கண்ணை மறைக்கச் சமயம்தான் வேண்டுமென்பதில்லை. கொள்கை, இனப்பெருமை, வரி வருமானம், கட்சி விசுவாசம் எல்லாவற்றாலும் அது முடியும்.

ஒரு நல்ல முன்மாதிரி

குறைகளை மட்டும் அடுக்கினால் போதாது. நன்றாக நடந்ததையும் காட்ட வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் உணவுக் கடைகளில் புகைபிடிக்கத் தடை வந்தது. கொண்டுவந்தவர் ஸுல்கிஃப்லி. புகைத்தல் ஹராம் என்று தேசிய ஃபத்வா மன்றம் 1995-லேயே அறிவித்திருந்தது. அரசியலில் எளிதான வழி, அந்த ஃபத்வாவைக் கையிலெடுப்பது. தடைக்கான விதி அதன்மேல் நிற்கவில்லை. அது உணவுச் சட்டத்தின் கீழுள்ள புகையிலைக் கட்டுப்பாட்டு விதிகளின்மேல், அடுத்தவர் விடும் புகை நுரையீரலைக் கெடுக்கிறது என்ற மருத்துவக் காரணத்தின்மேல் நின்றது. செகிஞ்சானில் உள்ள சீனர் காப்பிக் கடைக்கும், கோல சிலாங்கூர் வாழையிலை உணவகத்துக்கும், சுங்கை பெசார் மலாய்க்காரர் அங்காடிக்கும் ஒரே காரணம். உடனே அபராதம் விதிக்காமல் அந்த ஆண்டு முழுக்க எச்சரிக்கை மட்டும் கொடுத்தார்கள். புகைப்போர் சிலர் உயர் நீதிமன்றம் சென்றனர், வழக்காடினர், தோற்றனர். நீதிமன்றத்தில் வாதாட முடிந்த காரணம் என்பதே அதன் சிறப்பு. 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், மின்சிகரெட்டையும் அதே தர்க்கத்துக்குள் கொண்டுவந்தது.

ஓர் இஸ்லாமிய இயக்கத்தில் வளர்ந்தவரின் ஆசைகளில் ஃபத்வாவுக்கும் பங்கிருக்கலாம். பிறர் உடல்நலம் காப்பது இறைக்கடமை என்று அவர் உள்ளூர எண்ணியிருக்கலாம். அந்த உந்துதலை நாம் தடுக்க வேண்டியதில்லை, மதிக்கலாம். சட்டமாக வந்தபோது அது எல்லோருக்கும் புரியும் மொழியில் வந்தது என்பதே முக்கியம்.

சமய நிறுவனங்களும் தம் பங்கைச் செய்ய முடியும் என்பதையும் இதே காலம் காட்டியது. 2020 டிசம்பரில் கோவிட் தடுப்பூசி ஆகுமானது, அரசு குறிப்பிடும் தரப்பினருக்குக் கட்டாயம் என்று ஃபத்வா குழு தீர்மானித்தது. 2021 ஜனவரி 28-இல் வந்த தைப்பூசத்தில் பத்துமலையில் காவடியும் பக்தர் கூட்டமும் இல்லை. மக்கள் வீட்டிலேயே கும்பிட்டுக்கொண்டார்கள். எவருடைய முருகனும் அதனால் குறைந்துபோகவில்லை. பூசாரியும் முஃப்தியும் மருத்துவரின் சொல்லை ஏற்றுத் தம் மக்களிடம் எடுத்துச் சொன்னபோது உயிர்கள் காக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் முன்னால் 2019 டிசம்பரில், 27 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் இளம்பிள்ளைவாத நோயாளியாகச் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தை கண்டறியப்பட்டபோது, ஊசிபோடாத பகுதிகள் எஞ்சியிருந்தால் எந்தச் சமூகமும் தப்பாது என்பதை நாடு பார்த்திருந்தது.

நம் வீட்டுக்குள் அதே அளவுகோல்

பாஸையும் அம்னோவையும் அளந்த கோலால் நம்மவரையும் அளக்காவிட்டால் இந்தக் கட்டுரைக்கு நேர்மை இருக்காது. தோட்டப்புறத் தமிழர் அரசியலில் பக்திக்குத் தனி விலை உண்டு. தேர்தல் நெருங்கினால் திருவிழா மேடையில் மாலை, பரிவட்டம், கோயில் மானியக் காசோலை. மானியம் தேவைப்படும் கோயில்கள் உண்டு. நிலப்பட்டா இல்லாத கோயில்களின் துன்பம் உண்மையானது. ஆனால் காசோலையோடு படம் எடுத்துக்கொள்வது பிரதிநிதித்துவம் ஆகாது. அந்த மேடையில் வேட்பாளரிடம் கேட்கப்படாதவை பல: இந்தத் தொகுதியில் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள் எத்தனை பேர், நீரிழிவும் சிறுநீரகச் செயலிழப்பும் உள்ளவர்களுக்கு ரத்தச் சுத்திகரிப்பு மையம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, தோட்டம் துண்டாடப்பட்டபோது எத்தனை குடும்பம் வீடிழந்தது. இவற்றுக்கு எண்ணும் ஆவணமும் வேண்டும். மாலை போட்டுக்கொண்ட கழுத்து அவற்றுக்கு விடையாகாது.

நல்ல நேரம் பார்த்து வேட்புமனு தாக்கல் செய்பவரைப் பார்த்து நகைக்க வேண்டியதில்லை. அது அவருடைய உரிமை. நல்ல நேரம் பார்த்துத் தொகுதி நிதியைப் பங்கிடுபவரைத்தான் தடுக்க வேண்டும். பகுத்தறிவாளரிடமும் இதே கண்டிப்பு தேவை. கடவுள் இல்லை என்று மேடையில் முழங்கியவர் சங்கக் கணக்கை மறைத்தால், அவருடைய பகுத்தறிவு அவருக்கு மட்டுமே பயன்பட்டது என்று பொருள்.

ஆகவே அடுத்த முறை வட சிலாங்கூரில் வாக்குக் கேட்டு வருபவரிடம் கேட்பதற்கு மூன்று கேள்விகளை முன்வைக்கிறேன். முதலாவது: நீங்கள் ஆதரிக்கும் சட்டத்துக்கான காரணத்தை, உங்கள் சமயத்தைச் சேராத ஒருவரிடம் உங்கள் மறைநூலைத் தொடாமல் சொல்ல முடியுமா? இரண்டாவது: எந்தச் சான்றைக் கண்டால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள், இதற்கு முன் அப்படி மாற்றியதுண்டா? மூன்றாவது: வல்லுநர் குழுவின் பரிந்துரையை நீங்கள் தள்ளிவிட நேர்ந்தால், அந்தப் பரிந்துரையையும் தள்ளிய காரணத்தையும் எங்கள் பார்வைக்கு வெளியிடுவீர்களா?

இந்தக் கேள்விகள் உலாமாவுக்கும் பொருந்தும், டாக்டருக்கும் பொருந்தும், கோயில் தலைவருக்கும் நாத்திகருக்கும் பொருந்தும். எவருடைய நம்பிக்கையையும் இவை புண்படுத்துவதில்லை; எவருடைய பட்டத்துக்கும் இவை வளைந்துகொடுப்பதில்லை. 2016-இல் சுங்கை பெசாரில் போட்டியிட்ட மூவரிடமும், தொண்டை அடைப்பானால் இறந்த குழந்தைகளைப் பற்றி இக்கேள்விகளைக் கேட்டிருந்தால், யார் மேலான முஸ்லிம் என்ற போட்டியைக் காட்டிலும் தெளிவாக அவர்களின் தகுதி தெரிந்திருக்கும். இடைத்தேர்தலும் பொதுத்தேர்தலும் இன்னும் வரும். கேட்கும் பொறுப்பு வாக்காளருடையது. தோட்டத்து மண்ணில் அறிவியலால் பிழைத்து, நம்பிக்கையால் நிமிர்ந்து நின்ற ஒரு சமூகத்துக்கு அந்தப் பொறுப்பு கூடுதலாகவே உண்டு.